ஈ பிளாக், நாலாம் நம்பர் வீடு

திருநகர், மதுரை–6
கார்த்திகை 14, ஞாயிறு காலை

எழுமலையில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை கண்ணுச்சாமி அவர்களுக்கு, மச்சான் வெள்ளைத்துரை நலம் கேட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் சீனியம்மாளும் மாத்திரைகளின் துணையோடு சௌக்கியம். அங்கே நீங்களும், என் தங்கை செல்லக்கிளியும், புதிதாக ஈன்ற பசுவும், அதன் கன்றும், மழைக்குப் பிறகு தலைதூக்கிவிட்டதாகத் தங்கை சொன்ன மொச்சைக் கொடிகளும் நலமாயிருக்க மீனாட்சியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை, இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போன் பேசினால் சீனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "செவ்வாய்க்கிழமை இல்ல, திங்கக்கிழமை", "அம்புட்டுத் தூரமெல்லாம் நீங்க நடக்கல" என்று வரிக்கு வரி திருத்தம் சொல்வாள். இன்று அவள் ஒரு வளைகாப்புக்குப் போயிருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு, பெண்ணுக்குப் புத்தி சொல்லி, பெண்ணின் மாமியாருக்கும் புத்தி சொல்லி வருவதற்கு மூன்று மணியாகும். அதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும். ஆகவே சங்கதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் வீடு வாங்குகிறோம்! அறுபத்தெட்டு வயதில்! என் கையெழுத்து கோணலாக இருந்தால் அது வயதினால் அல்ல, சந்தோஷத்தினால் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அந்த வீடியோவில் தொடங்கியது. ஆவணி மாதம் எதிர்வீட்டு வாசல் விளக்கு மினுக்கு மினுக்கென்று எரிந்து என் உயிரை வாங்கியது. முப்பத்தாறு வருடம் மின்வாரியத்தில் வேலை பார்த்து போர்மேனாக ஓய்வு பெற்றவன் கண் முன்னால் ஒரு விளக்கு அப்படி எரியலாமா? ஏணியைச் சாத்தி ஏறினேன். விளக்கு சரியாகிவிட்டது, ஏணிதான் நழுவிவிட்டது. நான் ஜன்னலுக்கு மேலே உள்ள சன்ஷேடைப் பிடித்துக்கொண்டு நாலு நிமிடம் தொங்கினேன். அந்த நாலு நிமிடத்தையும் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் படம் பிடித்து, அது எப்படியோ நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து, பெங்களூரில் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் சுபலட்சுமி கண்ணில் பட்டுவிட்டது. நீங்கள்கூட அதற்குக் கைதட்டும் பொம்மை போட்டிருந்தீர்கள். அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. அன்று மாலையே போன். "அப்பா, பொங்கலுக்குள்ள ஒரு முடிவு சொல்லணும். ஒண்ணு ரெண்டு பேரும் பெங்களூரு வந்துருங்க. இல்லாட்டி வயசானவங்களைப் பாத்துக்கிற இடமாப் பாத்துப் போங்க. தனியா மட்டும் விடமாட்டேன்" என்றாள்.

பெங்களூரில் அவள் வீடு பதினாலாவது மாடி. போன வருடம் ஒரு மாதம் இருந்தோம். கீழே குனிந்து பார்த்தால் மனிதர்கள் உளுந்து மாதிரி தெரிகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் லிப்டில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நானும் ஆட்டினேன், அந்த மாதம் முழுவதும் நாங்கள் பேசிக்கொண்டது அம்புட்டுத்தான். இன்னொரு மாதம் அங்கே இருந்தால் எனக்குத் தமிழ் மறந்துபோகும், சீனியம்மாளுக்குப் பேச்சே மறந்துபோகும். முதலாவது நடந்தாலும் நடக்கலாம்.

அந்த நேரத்தில்தான் நாளிதழுக்குள் ஒரு வழவழப்பான காகிதம் வந்தது. 'பொன்மாலைச் சோலை: மூத்தோருக்கான முழுமையான வாழ்விடம்.' எங்கே என்று பார்த்தால், உசிலம்பட்டி சாலையிலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர், உங்கள் ஊருக்குக் கிழக்கே! "அந்தப் பொட்டலா?" என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. பொட்டல்தான். ஆனால் இப்போது பொட்டலுக்கு ஆர்ச் வைத்திருக்கிறார்கள்.

முந்தின ஞாயிறு போய்ப் பார்த்தோம். ஆர்த்திகா என்று ஒரு பெண் வரவேற்றாள். ஆனையூரிலிருந்து தினமும் பஸ் மாறி வருகிறாளாம். விற்பனைப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம். இன்னும் ஒரு வீடுகூட விற்கவில்லை. அவள் பேசிய பத்தாவது நிமிடத்தில் காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது. ஆர்ச்சுக்குப் பக்கத்தில் உள்ள வீடுகளெல்லாம் ஜோர். சாப்பாட்டுக் கூடம், நர்ஸ் அறை, கேரம் போர்டு, எண்ணெய் தேய்த்துவிட ஆள், கோவில், எல்லாம் எட்டிப் பிடிக்கும் தூரம். ஆனால் ஏ, பி, சி, டி நான்கு பிளாக்கும் விற்றுத் தீர்ந்துவிட்டன. மிச்சம் ஈ பிளாக் மட்டும்தான். விலை மற்றதில் பாதி.

"ஏம்மா பாதி?" என்றேன்.

"கொஞ்சம் தள்ளி இருக்கு அங்கிள்."

"எம்புட்டுத் தள்ளி?"

அவள் கண்மாய்க்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள். நான் அடிவானத்தைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

பேட்டரி வண்டியில் கிளம்பினோம். கண்மாய்க் கரையில் பாதி தூரத்தில் வண்டி ஒரு முனகு முனகி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தேன், ராத்திரி சார்ஜ் போட்டவர்கள் சுவிட்சைப் போட மறந்திருக்கிறார்கள். நடந்தோம். சீனியம்மாள் வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் மாப்பிள்ளை, அந்தக் கரையைப் பார்க்க வேண்டுமே! கண்மாய் தளும்பி நிற்கிறது. நாரை, நீர்க்கோழி, நடுவில் கழுத்தளவு தண்ணீரில் மூன்று எருமைகள். அந்தக் காகிதத்தில் 'ஏரிக்காட்சி' என்று போட்டிருந்தது; எருமையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைப் போட்டிருந்தால் நான் இன்னும் முன்னாலேயே வந்திருப்பேன். கடைசியில் ஒரு வேப்பமரம், அதற்குப் பின்னால் வரிசையாக ஒன்பது ஓட்டு வீடுகள், கூரை மேல் எட்டு மயில்கள். ஈ பிளாக் என்று பெயர் வைத்தவன் யோசித்துத்தான் வைத்திருக்கிறான். அங்கே ஈ இருந்தது. மனிதர்தான் இல்லை.

இல்லை என்று நினைத்தபோது மூன்றாம் நம்பர் வீட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். எழுபது வயதுக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வெள்ளைத் தொப்பி, பனியன், கையில் துவைத்துக்கொண்டிருந்த சட்டை. "வாங்கண்ணே, வாங்க! வாங்கம்மா! பீவி, ஆள் வந்துருக்கு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். ஆள் வந்திருக்கிறது என்பதை எங்கள் ஊரில் மழை வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

அவர் பெயர் முஜிபுர் ரஹ்மான். தெற்குவாசலில் முப்பத்தெட்டு வருடம் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். மனைவி மைதீன் பீவி. ஒரே மகன் அனீஸ் சென்னையில். ஆயுசு முழுக்க ஹாரன் சத்தத்திலும் கூட்டத்திலும் இருந்தவருக்கு, கடைசிக் காலத்திலாவது அமைதி வேண்டும் என்று ஆசை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஈ பிளாக்கில் மூன்றாம் நம்பரை வாங்கிக் குடி வந்துவிட்டார். அமைதி கிடைத்தது. ஆனால் மற்ற எட்டு வீட்டுக்கும் ஆள் வரவில்லை. ஒரு வாய் தண்ணீர் கேட்டு உள்ளே போன எங்களை மூன்று மணி நேரம் வெளியே விடவில்லை. இஞ்சி டீ, சமோசா, மறுபடி டீ. பாய் எங்களுக்கு நாலாம் நம்பர் வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஆர்த்திகா காட்டவில்லை, அவர்தான் காட்டினார். "காத்து பாருங்கண்ணே, ஏசி தோத்துரும். தண்ணி சர்க்கரை மாதிரி. கொசுவா? நான் ஒரு கொசுவைக்கூட நேர்ல பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே முழங்கையைச் சொறிந்தார்.

"பாம்பு கீம்பு வருமா பாய்?" என்று சீனியம்மாள் கேட்டாள்.

"வரும்மா. தொந்தரவே குடுக்காது."

"என்ன பாம்பு?"

"நல்ல பாம்பு."

அவர் குணத்தைச் சொன்னாரா, இனத்தைச் சொன்னாரா என்று அவளுக்கு இன்னும் சந்தேகம்.

இதற்கிடையில் அடுப்படியில் பீவி சீனியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு கதை சொல்லியிருக்கிறார். "அக்கா, இவுக சொல்றதைக் கேக்காதீக. காலையில எட்டு மணி இட்லி ஒம்பதரைக்கு வரும். போன்ல டவர் கிடைக்கணும்னா வேப்பமரத்தடிக்குப் போகணும். போன வாரம் இவுக மயிலுகிட்ட உக்காந்து கடை யாவாரம் பேசிக்கிட்டிருந்தாக அக்கா. நான் பயந்துபோயிட்டேன்." சொல்லிவிட்டு, "இம்புட்டையும் சொல்லிப்புட்டேனேன்னு வராம இருந்துறாதீக" என்று கண்ணைத் துடைத்தாராம்.

திரும்பும்போது ஆர்த்திகாவிடம் உண்மையைச் சொல்லச் சொன்னேன். அந்தப் பெண் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "எங்க அப்பா அம்மாவா இருந்தா இந்த பிளாக்ல விடமாட்டேன் அங்கிள். ஆனா அவங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துல யாராவது வந்தா நல்லாருக்கும்" என்றாள். எனக்கு அப்போதே அந்த வீடு பிடித்துவிட்டது. சீனியம்மாளுக்குப் பிடிக்கவில்லை. "எருமையைப் பாத்து வீடு வாங்குற ஒரே ஆளு நீங்கதான்" என்றாள். கடைசியில், மூன்று நாள் இலவசமாகத் தங்கிப் பார்க்கும் திட்டம் ஒன்று இருப்பதாகவும், சாப்பாடும் அதில் அடக்கம் என்றும் ஆர்த்திகா சொன்னதும்தான், "மூணு நாள் அடுப்படிக்கு லீவுன்னா வாரேன்" என்று ஒப்புக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை மூட்டை முடிச்சோடு நாலாம் நம்பருக்குப் போய் இறங்கினோம். முதல் வேலையாக நான் வீட்டு ஒயரிங்கைப் பார்த்தேன். குறை சொல்வதற்கில்லை. பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். அவசர மணி. அமுக்கினால் அலுவலகத்தில் மணியடித்து, ஐந்து நிமிடத்தில் நர்ஸ் வருவாராம். அமுக்கினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம், பத்து, அரை மணி. வேப்பமரத்தடிக்குப் போய் ஆர்த்திகாவுக்குப் போன் போட்டேன். "இங்க மணி எதுவும் அடிக்கலையே அங்கிள்" என்றாள். டெஸ்டரை எடுத்து மூடியைத் திறந்து பார்த்தால், ஒயர் சுவருக்குள் போய், ஒன்பது வீட்டுக்கும் பொதுவான பெட்டிக்கு வந்து, அங்கே கருப்பு டேப் சுற்றி அம்போவென்று விடப்பட்டிருக்கிறது. அலுவலகத்துக்குப் போகும் லைனும் அதே பெட்டியில்தான் இருக்கிறது, இரண்டையும் இணைக்கவே இல்லை.

"பாய், நீங்க ஒருநாளும் இதை அமுக்கிப் பாக்கலையா?"

"இல்லண்ணே. சும்மா அமுக்கி, அந்தப் புள்ளைக ஓடி வந்து, ஒண்ணுமில்லன்னா மனசு சங்கடப்படும்ல."

எட்டு மாதம், மாப்பிள்ளை! எட்டு மாதம் அந்த மனிதர் அந்தப் பொத்தானை நம்பிக்கொண்டு தூங்கியிருக்கிறார். நானே இணைத்துவிடுகிறேன் என்றேன். மேற்பார்வையாளர், வெளியாள் கை வைக்க விதி இல்லை, வெள்ளிக்கிழமை எலக்ட்ரீசியன் வருவார் என்று சொல்லி அனுப்பினார். டெஸ்டர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அரை மணி நேர வேலை. ஆனால் விதி என்ற சொல்லைக் கேட்டதும், முப்பத்தாறு வருடம் சம்பளம் வாங்கிய உடம்பு தானாக அடங்கிவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை பொழுது போனதே தெரியவில்லை. பாயும் நானும் கரையில் நடந்தோம், மறுபடியும் நின்றுபோன பேட்டரி வண்டியை அலுவலகம் வரை தள்ளிக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டோம், எருமைகளுக்குப் பெயர் வைத்தோம். பீவியும் சீனியம்மாளும் எங்களைப் பற்றிய குறைகளைப் பரிமாறிக்கொண்டார்கள். இரண்டு பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்ததால் பெரிய ஒற்றுமை உண்டாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை. எட்டு மணி இட்லி பத்து மணி ஆகியும் வரவில்லை. நாங்கள் பிஸ்கட் தின்று சமாளித்தோம். பாய்க்குச் சர்க்கரை நோய் உண்டு. வழக்கம்போல ஏழரைக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இட்லிக்காகக் காத்திருக்கிறார். "உப்புமா கிண்டித் தாரேன்" என்று பீவி சொன்னதற்கு, "வேணாம், கொண்டாருவாங்க. கொண்டாந்த பிறகு சாப்பிடலேன்னா அந்தப் புள்ளைக வருத்தப்படும்" என்றிருக்கிறார். பத்தேகாலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பீவியின் அலறல். ஓடினோம். பாய் நாற்காலியில் சரிந்திருக்கிறார், சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, கை உதறுகிறது. என்னைப் பார்த்து, "தம்பி, அந்த இருபத்தெட்டு இன்ச் டயரை இறக்குடா" என்கிறார். பீவி ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு மறு கையால் அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கிறார். லைன் இல்லை என்று தெரிந்தும் அமுக்குகிறார். வேப்பமரத்தடிக்கு ஓடவா, இங்கே நிற்கவா என்று தெரியாமல் வாசலில் இரண்டு அடி அங்கும் இரண்டு அடி இங்குமாக நடந்தேன்.

சீனியம்மாள்தான் நிதானமாக இருந்தாள். இருபத்தாறு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். காலையில் சாப்பிடாமல் வந்து பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளைகளை நூறு பார்த்திருப்பாள். "மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடல, சர்க்கரை இறங்கிருச்சு. பீவி, அந்தப் பொத்தானை விடு, சீனியை எடு!" என்றாள். பாய்க்கு முழுங்கத் தெம்பு இருக்கிறதா என்று பார்த்து, சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். "என்னைப் பாருங்க பாய். முழுங்குங்க. டயரை அப்புறம் இறக்கலாம்" என்று அதட்டிக்கொண்டே கொடுத்தாள். ஐந்து நிமிடத்தில் உதறல் குறைந்தது. ஆனால் கண் சொருகிச் சொருகிப் போகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். பேட்டரி வண்டி கண்மாய்க்கு அந்தப் பக்கம்.

அப்போது பின்பக்கக் கேட் வழியாக ஒரு குட்டியானை வண்டி வந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்கு மதியச் சமையல் காய்கறி ஏற்றி வருகிற வண்டி. சீனியம்மாள் போய் நடுச் சாலையில் நின்றாள். ஹாரன் அடித்தான், நகரவில்லை. டிரைவர் தலையை நீட்டி, "ஆத்தா, நேரமாச்சு, அறுபது பேருக்குச் சாம்பார் வைக்கணும்" என்றான். அவள் சொன்ன பதிலைக் கடிதத்தில் எழுத முடியாது. மூன்று நிமிடத்தில் பாயை முட்டைக்கோஸ் மூட்டைமேல் தலைவைத்துப் படுக்கப் போட்டு, ஒரு பக்கம் பூசணிக்காயும் மறுபக்கம் நானும் முட்டுக்கொடுக்க, வண்டி உசிலம்பட்டிக்குப் பறந்தது. போகிற வழியில் பாய்க்கு நினைவு தெளிந்தது. கண்ணைத் திறந்து, நெஞ்சுமேல் கிடந்த முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்து, "அண்ணே, என்னை மார்க்கெட்டுக்கா கொண்டு போறீக?" என்றார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். முட்டைக்கோஸ்தான் சாட்சி.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஆபத்தில்லை, ஒருநாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டாக்டர். பன்னிரண்டரை மணிக்கு மேற்பார்வையாளர் வார்டுக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தார். பரவாயில்லை, பொறுப்பான மனிதர் என்று நான் எழுந்து வணக்கம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "காய் எங்க சார்?" அங்கே ஏ பிளாக் முதல் டி பிளாக் வரை அறுபது பேரும் தட்டோடு சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்களாம். சாம்பார் இல்லை என்றதும் அலுவலகத்துக்கு முன்னால் கூட்டம். ஏன் இல்லை என்று விசாரித்ததில்தான், ஈ பிளாக்கில் ஒருவர் மயங்கியதும், மணி அடிக்காததும், எட்டு மாதமாக அடிக்காததும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கேரம் விளையாடுகிற பெரியவர்கள் கேரம் போர்டையே தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போய்விட்டார்களாம். மூன்று மணிக்கு ஆர்த்திகாவிடமிருந்து போன்: "அங்கிள், விதியெல்லாம் விட்டுட்டாங்க. நீங்களே வந்து கனெக்‌ஷன் குடுத்துருங்களேன்." போனேன். முப்பத்தைந்து நிமிடத்தில் ஒன்பது வீட்டு மணியும் அடித்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் அலுவலகத்தில் மணியடித்த சத்தம் போன் வழியாகக் கேட்டபோது எனக்கு ஓய்வு பெற்றது போலவே தோன்றவில்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் சீனியம்மாள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவள் உட்காரச் சொன்னால் எனக்குப் பயம். திடீரென்று சொன்னாள்: "அந்த மனுசனையும் பீவியையும் அங்க தனியா விட்டுட்டு, திருநகர்ல உக்காந்து என்னால சோறு திங்க முடியாது. நாலாம் நம்பரை எடுங்க."

"நெசமாவா?"

"பாம்பை மட்டும் நீங்க பாத்துக்கங்க."

நேற்று சனிக்கிழமை போய் முன்பணம் கட்டிவிட்டோம். ஆர்த்திகா ரசீது போடுவதற்குள், "நல்லா யோசிச்சீங்களா அங்கிள்?" என்று நான்கு தடவை கேட்டாள். அவளுக்கு இதுதான் முதல் விற்பனை. ரசீதில் ஒரு சொட்டு கண்ணீர் விழுந்து என் இனிஷியல் கரைந்துவிட்டது. வீடு திரும்பிய பாயிடம் இன்னும் சொல்லவில்லை. பத்திரம் முடிந்த கையோடு சாமான் ஏற்றிய லாரியில் போய் இறங்கி, அவர் ஓடி வருவதைப் பார்க்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். இந்த வயதில் இப்படி ஒரு குதூகலம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தூக்கம் வரவில்லை, மாப்பிள்ளை. படுத்தால் மயில் அகவுகிறது.

ஆகவே உங்களிடம் இரண்டு உதவி. ஒன்று, வருகிற வியாழக்கிழமை பத்திரப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேஷ்டி சட்டையோடு வந்துவிடுங்கள். இரண்டாவது கொஞ்சம் பெரிய உதவி. சுபலட்சுமியிடம் நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கோபப்படுவாள், அவள் அம்மா சொன்னால் இருவரும் கோபப்படுவார்கள். நீங்கள் தாய்மாமன் இல்லை, அத்தை வீட்டுக்காரர். உங்களிடம் அவளுக்கு மரியாதை உண்டு. நல்ல காற்று, நர்ஸ், மணி என்று வரிசையாகச் சொல்லுங்கள். எருமை வரை சொல்லலாம். முட்டைக்கோஸ் மூட்டை வேண்டாம்.

செல்லக்கிளிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். கன்றுக்குட்டிக்குப் பெயர் வைத்துவிட்டால் தெரிவிக்கவும். உங்கள் மொச்சை ஒன்றுக்குப் பத்தாய்க் காய்க்கட்டும். வீடு நிறைந்து, வாசல் நிறைந்து, நீங்கள் எல்லோரும் நீடூழி வாழ அழகர் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
அன்பு மச்சான்,
க. வெள்ளைத்துரை
(விரைவில்: நாலாம் நம்பர், ஈ பிளாக், பொன்மாலைச் சோலை)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, வியாழக்கிழமை வர வேண்டாம். சுபலட்சுமியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சொல்லியிருந்தால், சொல்லவில்லை என்று சொல்லிவிடுங்கள். கவருக்குப் பசை தடவிக்கொண்டிருக்கும்போது பாய் போன் செய்தார். "அண்ணே, உக்காந்திருக்கீகளா? உக்காருங்க. சென்னையிலருந்து வந்த நம்ம அனீஸ் நேத்துப் பூரா அலைஞ்சு திருநகர்ல வீடு பிடிச்சுட்டான்! உங்க தெருவுக்கு அடுத்த தெரு, பிள்ளையார் கோவில் பக்கத்துல. மூணாம் நம்பரைத் திருப்பிக் குடுத்தாச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே பீவி சொல்லிட்டா, செத்தாலும் பொழைச்சாலும் இனி அந்த அக்கா இருக்குற ஊர்லதான்னு. உங்ககிட்டச் சொல்லாம லாரியோட வந்து நிக்கணும்னு இருந்தோம். அடக்க முடியல, சொல்லிட்டேன்!"

வளைகாப்பிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்த சீனியம்மாள் போனைப் பிடுங்கினாள். நாங்கள் நாலாம் நம்பர் வாங்கிய கதையை அவள் சொல்ல, பீவி அழ, இவள் சிரிக்க, பிறகு இவள் அழ, பீவி சிரிக்க, இரண்டே நிமிடத்தில் வழக்கு தீர்ந்துவிட்டது. அவர்கள்தான் இங்கே வருகிறார்கள். என்னையும் பாயையும் யாரும் கேட்கவில்லை. அடுத்த தெருவிலேயே ஆள் இருக்கும்போது, தனியாக இருக்கிறோம் என்று இனி சுபலட்சுமியும் சொல்ல முடியாது.

முன்பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டிய பாவத்தை மட்டும் என் தலையில் கட்டினார்கள். முதல் விற்பனை போகிறதே என்ற சங்கடத்தோடு ஆர்த்திகாவுக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பெண், "அப்பாடா!" என்றாள். "நேத்து ராத்திரி பூராத் தூக்கமே இல்ல அங்கிள். உங்களையும் அங்க கொண்டுபோய் விட்டுட்டமேன்னு. முழுப் பணமும் திரும்ப வாங்கித் தாரேன். அந்தப் பிள்ளையார் கோவில் தெருவுல பெண்களுக்கு ஏதாவது ஹாஸ்டல் இருக்கா? வேற வேலை தேடணும்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சீனியம்மாள், சும்மா கிடக்கும் எங்கள் மாடி அறையைக் கூட்டப் போய்விட்டாள்.